வீட்டுக்குள் செடி: முதலில் வெளிச்சம், அடுத்து மண், பிறகு தண்ணீர்

வீட்டுக்குள் செடி வைக்க ஆசைப்படுகிறவர்களில் பலர் முதலில் செடியை வாங்கிவிடுகிறார்கள். அதற்கு இடம் தேடுவது அதன்பிறகுதான். டிவி பக்கத்தில் அழகாக இருக்கிறதே என்று அங்கே வைத்து, காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர் என்று தண்ணீரும் ஊற்றுகிறார்கள். இரண்டு மாதத்தில் இலை பழுத்து, தண்டு அழுகி, செடி போய்விடுகிறது. “எனக்குச் செடி ராசியில்லை” என்று முடிவும் கட்டிவிடுகிறார்கள்.

ராசிக்கு இதில் வேலையே இல்லை. இடத்தைப் பார்த்துச் செடி வாங்குங்கள், மண்ணைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் விடுங்கள். இந்த இரண்டையும் கடைப்பிடித்தாலே பெரும்பாலான செடிகள் பிழைத்துக்கொள்ளும். முதல்முறையாக வளர்ப்பவர், அதிலும் தமிழ்நாட்டில் அடுக்குமாடி வீட்டிலோ முற்றமில்லாத வீட்டிலோ இருப்பவர், படிப்படியாகச் செய்ய வேண்டியவை கீழே உள்ளன. வரிசை மாறாமல் செய்யுங்கள்.

1. வெளிச்சம் பார்ப்பது

நம் கண் இருட்டுக்குச் சீக்கிரம் பழகிவிடும். நமக்கு வெளிச்சமாகத் தெரியும் மூலை, செடிக்கு இருட்டாக இருக்கலாம். அதனால் கண்ணை நம்பாமல் நிழலைப் பாருங்கள்.

1. மேகமில்லாத நாளில், பகல் 11 மணியிலிருந்து 1 மணிக்குள், விளக்குகளை அணைத்துவிடுங்கள்.
2. செடி வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை வையுங்கள்.
3. தாளுக்கு ஓர் அடி மேலே கையை விரித்துப் பிடியுங்கள்.
4. நிழலில் விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் நல்ல வெளிச்சம். கை என்று அடையாளம் தெரிகிறது, ஓரம் மங்கலாக இருக்கிறது என்றால் நடுத்தரம். நிழலே சரியாக விழவில்லை என்றால் குறைந்த வெளிச்சம்.
5. இதே சோதனையை வீட்டில் நாலைந்து இடங்களில் செய்து, முடிவைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஜன்னலிலிருந்து தள்ளிப்போகப் போக வெளிச்சம் மளமளவென்று குறையும். ஜன்னலை ஒட்டி நன்றாக வளரும் செடி, ஆறடி உள்ளே வைத்தால் திணறும்.

திசை பற்றி ஒரு எச்சரிக்கை: வடக்கு ஜன்னலில் நேர்வெயில் விழாது என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் எழுதியிருக்கும். அது ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் சரி. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிவெயிலே சற்று வடக்கிலிருந்துதான் வரும். அந்த மாதங்களில் வடக்கு பால்கனியிலும் காலை, மாலை வெயில் சரிந்து விழும். தெற்கு ஜன்னலுக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை வெயில் உள்ளே நீளும். மேற்கு ஜன்னலின் மூன்று மணி வெயில்தான் மிகக் கடுமையானது. கத்திரி வெயில் நாட்களில் அங்கே மெல்லிய திரை போடாமல் எந்த வீட்டுச்செடியையும் வைக்காதீர்கள். கிழக்கு ஜன்னல் பெரும்பாலான செடிகளுக்கு ஏற்றது.

2. இடத்துக்கு ஏற்ற செடி

குறைந்த வெளிச்சம்: ஜீஜீ பிளான்ட், ஸ்நேக் பிளான்ட். ஜீஜீ பிளான்ட் கிழக்கு ஆப்பிரிக்கச் செடி. மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு போன்ற கிழங்கில் தண்ணீரைச் சேர்த்துவைத்துக்கொள்ளும். ஸ்நேக் பிளான்ட், நம் ஊர் வேலியோரத்தில் வளரும் மருளின் நெருங்கிய உறவு. இரண்டும் மங்கலான இடத்தைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் அங்கே மெதுவாகத்தான் வளரும். தண்ணீரும் மிகக் குறைவாகத்தான் கேட்கும்.

நடுத்தர வெளிச்சம்: மணி பிளான்ட், சிங்கோனியம், அக்லோனிமா, பீஸ் லில்லி, ஃபிலோடென்ட்ரான்.

நல்ல வெளிச்சம்: ஸ்பைடர் பிளான்ட், அரேகா பனை, ரப்பர் செடி.

சில மணி நேரமாவது நேர்வெயில் வேண்டியவை: கற்றாழை, குரோட்டன்ஸ், துளசி, கற்பூரவல்லி. இவற்றை ஜன்னல் திட்டிலோ பால்கனியிலோ வையுங்கள். துளசியைக் கூடத்து மூலையில் வைத்துக் காப்பாற்ற முடியாது.

முதல்முறை என்றால் மணி பிளான்ட்டும் ஸ்நேக் பிளான்ட்டும் போதும். வீட்டில் தவழும் குழந்தையோ, நாய், பூனையோ இருந்தால் ஸ்பைடர் பிளான்ட், அரேகா பனை இரண்டிலிருந்து தொடங்குங்கள். காரணம் பாதுகாப்புப் பகுதியில் இருக்கிறது.

காற்றைச் சுத்தம் செய்யுமா? 1989இல் நாசா செய்த ஆய்வைக் காட்டி, செடி வைத்தால் வீட்டுக்காற்று சுத்தமாகும் என்று விற்பார்கள். அந்த ஆய்வு சிறிய, மூடிய பெட்டிக்குள் நடந்தது. ஜன்னலைத் திறந்துவைப்பதற்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும் என்று 2019இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று கணக்கிட்டது. பச்சையைப் பார்க்கும் மகிழ்ச்சிக்காகச் செடி வளருங்கள். காற்றுக்கு ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

3. நர்சரியில் வாங்கும்போது

1. இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு, பிசுபிசுப்பு, மெல்லிய வலை இருந்தால் வாங்க வேண்டாம்.
2. தண்டு மண்ணைத் தொடும் இடத்தை மெல்ல அழுத்துங்கள். கெட்டியாக இருக்க வேண்டும். கொழகொழத்தால் அழுகல் தொடங்கிவிட்டது.
3. பெரிய செடியைவிடப் புதுக்குருத்து விடும் சிறிய செடி நல்லது. வீட்டுச்சூழலுக்குச் சீக்கிரம் பழகும்.
4. நர்சரியில் எந்த இடத்தில் இருந்தது, வெயிலிலா நிழல்வலையின் கீழா என்று கேளுங்கள்.
5. வீட்டுக்கு வந்ததும் இரண்டு வாரம் மற்றச் செடிகளிடமிருந்து தள்ளி வையுங்கள். மறைந்திருக்கும் பூச்சி அதற்குள் வெளிப்பட்டுவிடும்.

குறிப்பு: வாங்கிவந்த அன்றே தொட்டி மாற்றாதீர்கள். இடம் மாறியதில் இரண்டு மூன்று இலை பழுத்து உதிரும். அது இயல்பு. பயந்துபோய்த் தண்ணீரைக் கூட்ட வேண்டாம்.

4. தொட்டியும் மண்ணும்

தொட்டி: அடியில் துளை இருந்தே ஆக வேண்டும். துளையில்லாத பீங்கான் தொட்டி அழகாக இருந்தால், செடியைத் துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, அதை பீங்கானுக்குள் இறக்குங்கள். மண்தொட்டியில் ஈரம் சீக்கிரம் காயும். தண்ணீரை அதிகம் ஊற்றும் பழக்கம் உள்ளவர்களுக்கு அதுவே ஏற்றது. அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்கு பிளாஸ்டிக் நல்லது.

மண்கலவை: வயல்மண்ணையோ தோட்டத்து மண்ணையோ அப்படியே நிரப்பினால் சில மாதங்களில் இறுகிவிடும், வேருக்குக் காற்று கிடைக்காது. பொதுவான வீட்டுச்செடிகளுக்கு இந்த அளவு பொருந்தும்:

- கோகோபீட் – 2 பங்கு
- செம்மண் – 1 பங்கு
- மண்புழு உரம் – 1 பங்கு
- பெர்லைட் அல்லது பருமணல் – 1 பங்கு

ஸ்நேக் பிளான்ட், கற்றாழை, ஜீஜீ பிளான்ட் மூன்றுக்கும் மொத்தக் கலவையில் பாதி மணலோ பெர்லைட்டோ இருக்கட்டும். ஆற்றுமணலுக்குப் பதில் எம்-சாண்ட் எடுத்தால், அலசித் தூளைப் போக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள். அந்தத் தூள் மண்ணின் இடைவெளியை அடைத்துவிடும்.

கோகோபீட் கழுவும் முறை: பொள்ளாச்சி பக்கத்திலிருந்து வரும் கோகோபீட் கட்டி எல்லா நர்சரியிலும் கிடைக்கிறது. தென்னை நார்க்கழிவில் இயல்பாகவே உப்பு இருக்கும். கழுவாமல் போட்டால் இலைநுனி கருகும்.

1. பெரிய வாளியில் கட்டியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். 5 கிலோ கட்டி 60 லிட்டருக்கு மேல் ஊதிவரும். தேவையான துண்டை மட்டும் உடைத்துப் போடுங்கள்.
2. ஊறியதும் பழைய துணியில் கொட்டிப் பிழியுங்கள். பழுப்புத் தண்ணீர் வடியும்.
3. நல்ல தண்ணீரில் இன்னும் இரண்டு முறை அலசிப் பிழியுங்கள்.
4. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அந்தப் பதத்தில் கலக்குங்கள்.

5. தொட்டி மாற்றும் முறை

அடித்துளை வழியே வேர் எட்டிப்பார்த்தாலோ, ஊற்றிய தண்ணீர் மண்ணில் நிற்காமல் ஓடிவந்தாலோ தொட்டி மாற்றும் நேரம் வந்துவிட்டது. கோடை தணிந்த ஆனி, ஆடி மாதங்கள் இதற்கு ஏற்றவை.

1. பழைய தொட்டியைவிட ஒன்றிரண்டு அங்குலம் மட்டுமே அகலம் கூடிய தொட்டியை எடுங்கள். மிகப்பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் காயாமல் ஊறிக்கிடக்கும்.
2. முதல்நாள் மாலையே செடிக்குத் தண்ணீர் விடுங்கள். வேர்ப்பந்து உடையாமல் வரும்.
3. புதுத் தொட்டியின் துளைமேல் ஓட்டுச் சில்லையோ கொசுவலைத் துண்டையோ வையுங்கள். அடியில் ஜல்லி பரப்பத் தேவையில்லை. ஜல்லி தண்ணீரை வடியவைக்காது. ஈரம் அதற்கு மேலேயே தேங்கி வேருக்கு இன்னும் நெருக்கமாக நிற்கும்.
4. கொஞ்சம் கலவை போட்டு, தொட்டியைச் சாய்த்துச் செடியை வெளியே எடுங்கள். தண்டைப் பிடித்து இழுக்காமல், தொட்டியின் பக்கங்களைத் தட்டி எடுங்கள்.
5. கறுத்துக் கொழகொழத்த வேரைச் சுத்தமான கத்தரியால் வெட்டுங்கள். வட்டமாகச் சுற்றிய வேரை விரலால் பிரித்துவிடுங்கள்.
6. முன்பு எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் வைத்துச் சுற்றிலும் கலவையை நிரப்புங்கள். அழுத்தித் திணிக்க வேண்டாம். மேலே ஓர் அங்குலம் காலியாக விடுங்கள்.
7. தண்ணீர் ஊற்றி, ஒரு வாரம் நேர்வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஒரு மாதத்துக்கு உரம் வேண்டாம்.

6. தண்ணீர்

வீட்டுச்செடிகள் தாகத்தால் சாவதைவிட அதிகத் தண்ணீரால் அழுகிச் சாவதே அதிகம். “வாரம் எத்தனை முறை ஊற்ற வேண்டும்?” என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. மே மாதத்தில் இரண்டு நாளில் காயும் அதே தொட்டி, ஐப்பசி மழையில் பத்து நாளானாலும் காயாது.

1. ஆள்காட்டி விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டுப்பட்டால் தண்ணீர் வேண்டாம். நாளை மறுநாள் மறுபடி பாருங்கள்.
2. பெரிய தொட்டியில் மரத்தாலான ஐஸ்கிரீம் குச்சியை ஆழமாகக் குத்திப் பத்து நிமிடம் கழித்து எடுங்கள். குச்சி நிறம் மாறி மண் ஒட்டியிருந்தால் ஈரம் இருக்கிறது.
3. காய்ந்திருந்தால் மண் முழுவதும் நனையும்படி, அடித்துளை வழியே வடியும் வரை மெதுவாக ஊற்றுங்கள். தினமும் அரை டம்ளர் ஊற்றினால் மேல்மண் மட்டும் நனையும். அடிவேர் காய்ந்தே கிடக்கும்.
4. இருபது நிமிடம் கழித்துத் தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.
5. ஸ்நேக் பிளான்ட், ஜீஜீ பிளான்ட், கற்றாழை மூன்றுக்கும் தொட்டிமண் அடிவரை காய்ந்த பிறகே தண்ணீர்.

எந்தத் தண்ணீர்? ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீர் தொடர்ந்து ஊற்றினால் மண்மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளைப் பூச்சு படியும். மழைத்தண்ணீர் கிடைக்கும்போது நன்றாக ஊற்றி வடியவிட்டு அந்த உப்பைக் கழுவிவிடுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. அழகுச்செடிகளுக்கு அதைப் பயன்படுத்தலாம், சாப்பிடும் செடிகளுக்கு வேண்டாம். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரில் உப்பு செறிந்திருக்கும், தொட்டிச்செடிக்கு ஆகாது.

அடிக்கடி நடக்கும் தவறு: இலை துவண்டதும் தண்ணீர் ஊற்றிவிடுவது. தண்ணீர் போதாவிட்டாலும் துவளும், வேர் அழுகினாலும் துவளும். மண்ணைத் தொடாமல் ஊற்றாதீர்கள். மண் ஈரமாக இருந்தும் செடி துவண்டால் உடனே வெளியே எடுத்து, அழுகிய வேரை வெட்டி, புதுக்கலவையில் நட்டு, லேசாக மட்டும் நனையுங்கள்.

7. உரம்

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கைப்பிடி மண்புழு உரத்தை மேல்மண்ணில் கலந்துவிட்டால் போதும். கரையும் உரம் பயன்படுத்தினால் உறையில் போட்டிருப்பதில் பாதியளவு எடுங்கள். காய்ந்த மண்ணில் ஊற்ற வேண்டாம், வேர் கருகும். கடலைப் புண்ணாக்குக் கரைசல், மீன் அமிலம், அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் மொட்டைமாடித் தோட்டத்துக்கு நல்லவை. வீட்டுக்குள் நாற்றத்தையும் ஈயையும் கொண்டுவரும்.

8. இலையைப் பார்த்து நோயை அறிதல்

- அடியிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மஞ்சளாகின்றன, மண் ஈரம்: தண்ணீர் அதிகம்.
- இலைநுனி பழுப்பாகக் காய்கிறது: உப்பு, அதிக உரம் அல்லது ஏசியின் வறண்ட காற்று.
- இலை நடுவில் வெளிறிய, மொறமொறப்பான திட்டு: வெயில் சுட்டது. ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள்.
- தண்டு நீண்டு, கணுக்களுக்கு இடையே தூரம் கூடி, இலை சிறுக்கிறது: வெளிச்சம் போதவில்லை.
- இலைக்காம்பு இடுக்கில் வெள்ளைப் பஞ்சு: மாவுப்பூச்சி.
- இலையில் ஊசிமுனைப் புள்ளிகள், அடியில் மெல்லிய வலை: சிவப்புச் சிலந்தி.
- மண்மேல் சுற்றும் சிறு கறுப்பு ஈ: மேல்மண் காயாமல் இருக்கிறது. தண்ணீரைக் குறைத்து, மஞ்சள் ஒட்டும் அட்டையை நட்டுவையுங்கள்.

பூச்சி வந்தால்:

1. செடியைத் தனியே எடுத்துவையுங்கள்.
2. குளியலறைக்குக் கொண்டுபோய் இலையின் இரு பக்கமும் குழாய்த் தண்ணீரால் கழுவுங்கள்.
3. மாவுப்பூச்சியை, மருந்துக்கடையில் விற்கும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி பக்கத்தில் செய்யாதீர்கள்.
4. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டுத் திரவ சோப்பு சேர்த்து நன்றாகக் குலுக்குங்கள். முதலில் ஓர் இலையில் அடித்து ஒரு நாள் பாருங்கள்.
5. இலை கருகாவிட்டால் மாலையில், வெயில் போன பிறகு முழுச்செடிக்கும் அடியுங்கள். வாரம் ஒரு முறை, மூன்று வாரம் தொடருங்கள். ஒரே முறையில் முட்டைகள் அழியாது.

9. பாதுகாப்பு

நமைச்சல் செடிகள்: மணி பிளான்ட், டிஃபென்பேக்கியா, அக்லோனிமா, சிங்கோனியம், ஃபிலோடென்ட்ரான், பீஸ் லில்லி, ஜீஜீ பிளான்ட் எல்லாம் சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சேப்பங்கிழங்கும் சேனைக்கிழங்கும் நறுக்கும்போது கை நமைப்பதற்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இவற்றின் இலையிலும் தண்டிலும் உண்டு. குழந்தை கடித்தால் வாய் எரிந்து நாக்கு வீங்கும். அப்படி நடந்தால் வாயிலிருப்பதை எடுத்துவிட்டு, தண்ணீரால் கழுவித் துடையுங்கள். வாந்தி எடுக்கவைக்காதீர்கள். வீக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். கடித்த இலையையும் கையோடு எடுத்துச்செல்லுங்கள். ஸ்நேக் பிளான்ட்டும் நாய், பூனைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. இவற்றை எட்டாத உயரத்தில் வையுங்கள். வெட்டும்போது கையுறை போடுங்கள், கண்ணைத் தொடாதீர்கள்.

டெங்கு: டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். தொட்டித் தட்டு, மணி பிளான்ட் போட்ட பாட்டில் இரண்டும் அதற்குத் தோதான இடங்கள். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். வாரம் ஒரு நாளைக் குறித்துவைத்துக்கொண்டு எல்லாத் தட்டுகளையும் பாட்டில்களையும் காலிசெய்யுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை விளிம்பில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்துகிடந்தாலும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

விழும் ஆபத்து: பால்கனிக் கைப்பிடிச் சுவர்மேல் தொட்டியை வெறுமனே வைக்காதீர்கள். பன்னிரண்டு அங்குலத் தொட்டி ஈரமண்ணோடு 15 கிலோவைத் தாண்டும். ஒரு புயற்காற்று நாளில் அது கீழே நடப்பவர் உயிருக்கு ஆபத்து. தொங்கும் தொட்டியைக் கம்பிக்குள், வீட்டுப் பக்கமாகவே மாட்டுங்கள்.

மின்சாரம்: பிளக் பாயின்ட், எக்ஸ்டென்ஷன் பெட்டி, டிவி, இன்வெர்ட்டர் இவற்றுக்கு மேலே செடி வேண்டாம்.

10. ஒரு செடியிலிருந்து இன்னொன்று

மணி பிளான்ட்: கணுவுக்குக் கால் அங்குலம் கீழே வெட்டுங்கள். கணுவில் பழுப்பு நிறத்தில் சிறு முளை துருத்திக்கொண்டிருக்கும். வேர் அங்கிருந்துதான் வரும். கணு இல்லாத இலையைத் தண்ணீரில் போட்டால் புதுச்செடி வராது. கணு மட்டும் மூழ்கும்படி வையுங்கள். நாலைந்து நாளுக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும்.

ஸ்நேக் பிளான்ட்: இலையைத் துண்டாக்கி மண்ணில் நட்டாலும் வளரும். ஆனால் மஞ்சள் விளிம்புள்ள வகையில் அப்படி வரும் கன்றுக்கு மஞ்சள் கோடு இருக்காது, வெறும் பச்சையாக வளரும். அந்த விளிம்பு வேண்டுமென்றால் பக்கக்கன்றை வேரோடு பிரித்து நடுங்கள்.

11. வாராந்தர, பருவ வேலைகள்

வாரம் ஒரு முறை: எல்லாத் தொட்டியிலும் விரல் விட்டுப் பாருங்கள். இலையின் அடியைப் பாருங்கள். ஈரத்துணியால் இலையில் படிந்த தூசியைத் துடையுங்கள். செடி ஒரு பக்கமாகச் சாயாமல் தொட்டியைக் கால்வட்டம் திருப்பிவையுங்கள்.

சித்திரை, வைகாசி: மேற்கு வெயிலிலிருந்து நகர்த்துங்கள். ஈரத்தை அடிக்கடி சோதியுங்கள். உரம் வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை: தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள். பால்கனித் தொட்டிகளின் தட்டுகளை எடுத்துவிடுங்கள்.

ஊருக்குப் போகும்போது: கிளம்பும் அன்று நன்றாகத் தண்ணீர் விட்டு வடியவிட்டு, செடிகளை ஜன்னலிலிருந்து சற்றுத் தள்ளி ஒன்றாகக் கூட்டி வையுங்கள். ஒரு வாரம் தாங்கும். தட்டு நிறையத் தண்ணீர் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

இந்த அத்தியாயத்தைப் படித்த கையோடு ஆறேழு செடி வாங்கிவிட வேண்டாம். ஒன்றோ இரண்டோ வாங்குங்கள். மூன்று மாதம் அவற்றை மட்டும் கவனியுங்கள். உங்கள் வீட்டில் மண் எத்தனை நாளில் காய்கிறது, எந்த ஜன்னலில் எந்த மாதம் வெயில் வருகிறது என்று அதற்குள் தெரிந்துவிடும். அது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத விவரம். மூன்றாவது செடியை அதை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.